எத்தனை கொன்சுவேலோக்கள்!

அன்புள்ள பத்மா,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. வெள்ளையடிக்க ஆள் வந்ததில் புத்தக அலமாரி மொத்தமும் கூடத்துக்கு வந்துவிட, பேனாவைத் தேடி எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. மூத்தவன் ஒருவழியாக மாற்றல் வாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டான். சனி ஞாயிறு இங்கே பாண்டிக்கு வந்து போகிறான். கண்புரை அறுவைக்குப் பிறகு பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிகிறது. படிப்புப் பைத்தியம் பழையபடி தலைக்கேறிவிட்டது.

பேத்திக்குக் ‘குட்டி இளவரசன்’ வாசித்துக் காட்டியதாகவும், "அந்த ரோஜா ஏன் பாட்டி இவ்வளவு பிகு பண்ணுது?" என்று அவள் கேட்டதாகவும் எழுதியிருந்தாய். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரே மொழிபெயர்த்த அதே க்ரியா பதிப்புதானே? அவளிடம் சொல், அந்த ரோஜாவுக்கு ஆஸ்துமா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த ரோஜா யாரென்று கேட்டால் பலரும் கைகாட்டுவது அந்தக் கதையை எழுதிய விமானி செந்த் எக்சுபெரியின் மனைவி கொன்சுவேலோவை. அந்த அம்மாள் ஆஸ்துமாவோடு மல்லுக்கட்டியவர். ரோஜா ஓயாமல் இருமுவது அதனால்தான் என்பார்கள்.

உன் பேத்தி கேட்டதை வைத்து நான் ஆரம்பித்ததுதான் வினை. அலமாரியை மறுபடி அடுக்கும்போது இந்தப் பெயர் போகிற இடமெல்லாம் எதிர்ப்பட்டது. ஸ்பானியர்கள் மாதாவின் பெயரால் பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயர் அது. நம்மூர் ஆரோக்கியமேரி, சகாயமேரி போல. நாவல்களில் ஒரு கூட்டம் கொன்சுவேலோக்கள் இருக்கிறார்கள், தன்வரலாறு எழுதிய கொன்சுவேலோக்களும் இருக்கிறார்கள். எல்லாரையும் ஒரே தட்டில் அடுக்கி வைத்து ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் மற்றவர்களுக்கு என்னோடு பேச பயம்.

ரோஜாவிலிருந்தே தொடங்குகிறேன். கொன்சுவேலோ சுன்சின் பிறந்தது 1901இல், எல் சல்வடோரில், அர்மேனியா என்ற ஊரில். எரிமலைகள் நிறைந்த பக்கம். குட்டி இளவரசனின் கிரகத்தில் இருக்கும் மூன்று எரிமலைகள் அங்கிருந்து வந்தவை என்று சொல்கிறவர்கள் உண்டு. குவாத்தமாலா எழுத்தாளர் கோமஸ் கரியோவை மணந்து ஒரு வருடத்துக்குள் விதவையானார். 1930இல் புவனஸ் அயர்ஸில் செந்த் எக்சுபெரியைச் சந்தித்தார். சந்தித்த உடனே அந்த மனிதர் இவரை விமானத்தில் ஏற்றிக்கொண்டுபோய், ஆகாயத்தில் வைத்து முத்தம் கேட்டிருக்கிறார். இவர் மறுத்ததும் விமானத்தைக் கீழே விட்டுவிடுவேன் என்று மிரட்டல். நம் பெண் பிள்ளைகள் யாராவது வந்து இப்படி ஒருவனைப் பற்றிச் சொல்லியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? அடுத்த வருடமே கல்யாணம்!

இதையெல்லாம் அவரே எழுதிவைத்தார். 1944 ஜூலை 31ஆம் தேதி கோர்சிகாவிலிருந்து வேவு பார்க்கப் பறந்துபோன கணவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எழுதியது. எழுதி யாரிடமும் கொடுக்கவில்லை. பெட்டியில் போட்டு வைத்துவிட்டார். 1979இல் பிரான்ஸின் கிராஸ் ஊரில் இறந்தார். செந்த் எக்சுபெரி பிறந்து நூறு ஆண்டு ஆன 2000இல்தான் ‘ரோஜாவின் நினைவுகள்’ என்ற பெயரில் புத்தகம் வெளியானது. அதற்கு இரண்டு வருடம் முன்பு மார்சேய் கடலில் ஒரு மீனவரின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று சிக்கியது. அதில் செந்த் எக்சுபெரியின் பெயர், அடைப்புக்குறிக்குள் கொன்சுவேலோ என்ற பெயர், நியூயார்க் பதிப்பாளரின் முகவரி. கடலே சாட்சி சொன்ன மாதிரி ஆயிற்று.

புத்தகம் எப்படி என்று கேட்பாய். கொஞ்சம் மிகைதான். எல்லாரும் இவரைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறார்கள், சாவின் விளிம்பு அடிக்கடி வருகிறது. ஆனால் கணவரின் துரோகங்களைச் சொல்லும்போது அந்த மிகை நின்றுவிடும். சட்டென்று சாதாரணமாகப் பேசுவார். அந்தப் பக்கங்களை நான் நம்புகிறேன். அவரைப் புதைத்தது பாரிஸில் பெர் லஷேஸ் இடுகாட்டில், முந்தைய கணவர் கரியோவின் பக்கத்தில். செந்த் எக்சுபெரிக்குத்தான் கல்லறையே இல்லையே.

பெட்டி என்றேனே, அப்புறம் ‘ஔரா’வை எடுத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கார்லோஸ் ஃபுவெந்தஸ் 1962இல் எழுதிய சின்ன நாவல். மெக்ஸிகோ நகரத்தில் ஃபெலிப்பே மொந்தெரோ என்ற இளைஞன், சரித்திரம் படித்தவன். செய்தித்தாளில் விளம்பரம் பார்க்கிறான். இவனுக்காகவே அளவெடுத்துத் தைத்தது போன்ற விளம்பரம். சம்பளம் கொழுத்த சம்பளம். தோன்செலெஸ் தெரு, 815ஆம் எண் வீடு. உள்ளே ஒரே இருட்டு, பூஞ்சை வாடை. படுக்கையில் ஒரு கிழவி, பக்கத்தில் ஒரு முயல். கிழவியின் பெயர் கொன்சுவேலோ யொரெந்தே, தளபதி ஒருவரின் விதவை. மூலையில் இருக்கும் பெட்டிக்குள் கணவரின் நினைவுக்குறிப்புகள், நாடா கட்டிய கட்டுகளாக. இவன் அவற்றைச் சரிபார்த்து, அந்த மனிதர் எழுதுவது போலவே எழுதப் பழகி, முடித்துக் கொடுக்க வேண்டும். தான் சாவதற்குள் அச்சில் வர வேண்டும் என்கிறாள் கிழவி.

நாவல் முழுவதும் ‘நீ போகிறாய், நீ பார்ப்பாய்’ என்று முன்னிலையில்தான் போகிறது. படிக்கிற நம் கையைப் பிடித்து அந்த இருட்டு மாடிப்படியில் ஏற்றிவிடுவது மாதிரி. பச்சைக் கண்ணழகி ஔரா யார், மொந்தெரோ கடைசியில் என்ன ஆகிறான் என்பதைச் சொல்ல மாட்டேன், நீயே படி. நான் இதை முதலில் படித்தபோது பேய்க்கதையாகத்தான் படித்தேன். இந்தத் தடவை வேறு ஒன்று கண்ணில் பட்டது. தளபதி எழுதியதாம் நினைவுக்குறிப்பு. ஆனால் பெட்டிச் சாவி கிழவியிடம். எந்தக் கட்டை எப்போது கொடுப்பது என்பதும் அவள் முடிவு. எழுதுகிறவனை விலைக்கு வாங்கியவளும் அவளே. ஆண்பிள்ளையின் சரித்திரம், நடத்துவது அவள்.

இதை வைத்து மற்றவர்களைப் பார்த்தேன். கொன்சுவேலோ வாண்டர்பில்ட், அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரரின் மகள். 1877இல் பிறந்தவர். அவருக்கு இந்தப் பெயர் கியூபா வம்சத்து ஞானத்தாயான கொன்சுவேலோ ஈஸ்நாகாவிடமிருந்து வந்தது. அந்த அம்மாளும் ஆங்கிலேய டியூக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்தான். எடித் வார்ட்டன் முடிக்காமல் விட்டுப்போய், அவர் இறந்த பிறகு 1938இல் வெளியான ‘கடற்கொள்ளைக்காரிகள்’ நாவலில் வரும் கொஞ்சிதாவுக்கு இந்த ஈஸ்நாகாதான் அச்சு என்கிறார்கள். ஆக ஞானத்தாய் நாவலுக்குள் போனார், ஞானமகள் தன்வரலாறு எழுதினார்.

அதில் ஒரு இடத்தைச் சொல்கிறேன். சின்ன வயதில் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காக முதுகுத்தண்டோடு ஒரு இரும்புக் கம்பியை வைத்து, இடுப்பிலும் தோளிலும் வாரால் இறுக்கி, நெற்றியைச் சுற்றி இன்னொரு வார் போட்டு அந்தக் கம்பியோடு கட்டிவிடுவார்களாம் பாடம் படிக்கும்போது. புத்தகத்தை உயரத் தூக்கிப் படிக்க வேண்டும், எழுதுவதோ ஏறக்குறைய முடியாத காரியம் என்கிறார். காதலித்தவனை விட்டுவிட்டு அம்மா சொன்ன இடத்தில் கழுத்தை நீட்டினார். 1895 நவம்பரில் நியூயார்க்கில் மார்ல்பரோ டியூக்கோடு கல்யாணம். இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் டியூக்கின் பாட்டி சொன்ன முதல் புத்திமதி, சீக்கிரம் ஒரு பிள்ளை பெறு, பெண்ணாக இருக்கக் கூடாது, அந்த அதிகப்பிரசங்கி வின்ஸ்டன் டியூக் ஆவதை என்னால் சகிக்க முடியாது என்று. அதே சர்ச்சில்தான்! நம் கிராமத்துப் பாட்டிகள் தோற்றார்கள் போ.

1906இல் பிரிவு, 1921இல் விவாகரத்து. பிறகு 1926இல் அந்தத் திருமணமே செல்லாது என்று திருச்சபை சொன்னபோது, நான்தான் வற்புறுத்திக் கட்டிவைத்தேன் என்று அம்மாவே சாட்சி சொன்னார். இவர் இரண்டாவதாக மணந்த ழாக் பால்சானும் விமானம் ஓட்டியவர். இது தற்செயல்தான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது. புத்தகம் 1952இல் வந்தது, எழுபத்தைந்து வயதில். நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் மாளிகை வர்ணனை, விருந்து, வைரம் என்று பாதிப் புத்தகம் போகிறது. அந்தக் கம்பி இன்னும் முதுகில் இருப்பது மாதிரி விறைப்பான நடை.

‘சாஞ்செஸின் பிள்ளைகள்’ வேறு விதம். ஆஸ்கர் லூயிஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மெக்ஸிகோ நகரத்தின் தெபீத்தோ பகுதியில், ஒண்டுக்குடித்தனம் இருந்த ஒரு குடும்பத்தின் அப்பாவையும் நான்கு பிள்ளைகளையும் பேச வைத்து, நாடாவில் பதிவு செய்து, 1961இல் புத்தகமாக்கினார். மனுவேல், ரொபெர்த்தோ, கொன்சுவேலோ, மார்த்தா என்று ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்கிறார்கள். ஒரே சம்பவம் ஆளுக்கு ஒரு மாதிரி வரும். அதில் கொன்சுவேலோதான் எல்லாவற்றையும் கூர்ந்து பார்க்கிறவள், அப்பாவின் ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கி ஏங்கியே வளர்ந்தவள். ஸ்பானியப் பதிப்பு 1964இல் வந்ததும் நாட்டின் மானம் போச்சு என்று சிலர் புகார் கொடுத்தார்கள். வழக்கு நிற்கவில்லை. ஆனால் அதை வெளியிட்ட பதிப்பகத்தின் தலைவர் பதவி இழந்தார். எனக்கு உறைத்தது என்னவென்றால், பெயர்களெல்லாம் லூயிஸ் மாற்றி வைத்தவை. அந்தப் பெண் கொன்சுவேலோவே இல்லை. இத்தனை பேரில் எந்தப் பூச்சும் இல்லாமல் பேசுகிறவளுக்கு இந்தப் பெயர் இரவல்.

இன்னும் இரண்டு பேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ஜ் பியர்ஸியின் 1976ஆம் வருட நாவலில் கொன்சுவேலோ ராமோஸ் என்பவளை நியூயார்க்கில் மனநல மருத்துவமனையில் அடைத்துவிடுகிறார்கள். அங்கிருந்தபடியே 2137ஆம் வருடத்துக்குப் போய்வருகிறாள். தனக்குள் கொன்சுவேலோ, கோனி, கொஞ்சிதா என மூன்று பெண்கள் இருப்பதாகச் சொல்லும் பக்கம் ஒன்று போதும், மற்றதில் பிரச்சார வாடை. இசபெல் அயேந்தேவின் ‘ஏவா லூனா’வில் கொன்சுவேலோ கதாநாயகியின் அம்மா. பேசாமடந்தை, ஆனால் இரவில் மகளுக்குக் கதையாகக் கொட்டுவாள். கோழி எலும்பு விழுங்கிச் செத்துப்போகிறாள். அவள் போனதும் எனக்கு அந்த நாவலில் பாதி சுவாரசியம் போயிற்று.

எனக்குப் பிடித்தவளைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஆண் பெயரில் எழுதிய பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ஜோர்ஜ் சாந்தின் ‘கொன்சுவேலோ’. 1842இலும் 43இலும் பத்திரிகையில் தொடராக வந்தது. வெனிஸில் ஓர் ஏழைச் சிறுமி, ஸ்பெயினில் பிறந்த நாடோடி. போர்போரா என்ற கிழட்டு இசை ஆசான் கோயிலில் வைத்து, உங்களில் இவள்தான் கெட்டிக்காரி என்கிறார், மற்றப் பெண்கள் முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள். போர்போரா நிஜ மனிதர். போஹீமியாவிலிருந்து வியன்னாவுக்கு இவளோடு நடந்தே வரும் இளைஞன் யார் தெரியுமா? பின்னாளில் பெரிய இசையமைப்பாளர் ஆன ஹைடன்! அவரும் நிஜத்தில் வியன்னாவில் போர்போராவிடம் எடுபிடி வேலை செய்து பாடம் கற்றவர்தான். இவள் ஆண் உடை போட்டுக்கொண்டு, ஹைடனோடு கிராமம் கிராமமாகப் பாடிச் சாப்பிட்டு, பிரஷ்ய ராணுவத்துக்கு ஆள் பிடிக்கிறவர்களிடம் மாட்டி மீண்டு வரும் பகுதி இருக்கிறதே, நான் சாப்பாட்டை மறந்து படித்தேன். நடுவில் கோட்டை, சுரங்கம், பூர்வஜென்மம் என்று ஒரு நூறு இருநூறு பக்கம் இழுவை. தொடர்கதைக்காரர்களின் வழக்கம்தான். தாண்டிவிடு, பாதகமில்லை.

சாந்த் இவளை வார்த்தது தன் தோழி பொலின் வியார்தோவைப் பார்த்து. ஸ்பானியப் பெற்றோருக்குப் பிறந்த பெரிய பாடகி. ஆனால் எனக்கென்னவோ சாந்துக்கு ஸ்பெயின் அதற்கும் முந்தியே உள்ளே போய்விட்டது என்று தோன்றுகிறது. ‘என் வாழ்க்கைக் கதை’யில் அந்தப் பகுதி இருக்கிறது. 1808இல் நான்கு வயதுகூட நிறையாத பெண், நெப்போலியனின் படையோடு மாட்ரிட்டில் இருந்த அப்பாவிடம் நிறைமாத அம்மாவோடு வண்டியில் போகிறாள். அப்பாவின் தளபதி முராவைச் சந்தோஷப்படுத்த அவளுக்குப் படைவீரன் சீருடை மாட்டிவிடுகிறார்கள். அங்கே பிறந்த தம்பிக்குக் கண் தெரியவில்லை. ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் குழந்தை போயிற்று. அதே மாதத்தில் அப்பாவும் போனார், ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த குதிரை கீழே தள்ளி. இதைப் படித்த பிறகு, ஆண் உடையில் நடுரோட்டில் பாடிக்கொண்டு போகும் கொன்சுவேலோவைப் பார்த்தால் அந்தச் சீருடைச் சிறுமி தெரிகிறாள். கற்பனைப் பெண்ணுக்குள் தன்னை வைத்து எழுதிவிட்டார், தன்வரலாற்றில் எழுதியதைவிடத் தாராளமாக. நிஜக் கொன்சுவேலோக்கள் இருவருக்கும் அந்தச் சௌகரியம் கிடைக்கவில்லை. ஒருவர் மேதையின் மனைவி, இன்னொருவர் டியூக்கின் மனைவி. எழுதும்போதும் கணவர் பக்கத்து நாற்காலியில்தான்.

சரி, நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும். ரோஜா அம்மாளை நான் குறைத்துச் சொல்கிறேன் என்பாய். படித்துவிட்டுச் சொல், ஒத்துக்கொண்டாலும் கொள்வேன்.

‘ஔரா’வை இந்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன். ஒரே உட்காரலில் முடியும், பேத்தி கையில் மட்டும் கொடுத்துவிடாதே. சாந்தின் தொகுதிகள் செங்கல் கனம், நேரில் வந்து எடுத்துக்கொள். தைப்பூசத்தை ஒட்டி வருவதாகச் சொன்னாயே, அது நிச்சயம்தானா? வந்தால் மாடி அறையைக் கழுவி வைக்கிறேன், படி ஏற உன் முழங்கால் சம்மதிக்குமா என்று மட்டும் எழுது. இல்லாவிட்டால் கீழேயே கட்டில் போட்டுவிடலாம். அண்ணாவுக்குச் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது? சின்னவளின் வளைகாப்பு தேதி குறித்ததும் உடனே தெரிவி.

அன்புடன்,
கமலா