பிள்ளை பிறந்த பிறகும் பிரஷரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இருபது வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்டாலே விழித்துக்கொள்ள வேண்டும், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தீர்கள். ஆனால் கட்டுரை பிரசவத்தோடு முடிந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்த எனக்கு அங்கேதான் மனம் அடித்துக்கொண்டது.

பிள்ளை பிறந்துவிட்டால் பிரஷர் இறங்கிவிடும் என்றே எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் அது உச்சத்துக்குப் போகிறது. அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமான பெண் பெரும்பாலும் மூன்றாம் நாள் வீடு திரும்புகிறாள். ஏறுகிற நேரத்தில் அவள் அம்மா வீட்டில் பத்தியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒரு மார்கழி விடியற்காலை என்னைக் கூப்பிட ஆள் வந்தது. தலைப்பிரசவம், ஆறாம் நாள். முதல் நாள் மாலையிலிருந்தே தலைவலி, கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றிருக்கிறாள். தூக்கமில்லாததால் வந்தது என்று தைலம் தடவியிருக்கிறார்கள். மேல்வயிற்று வலிக்கு வாயு என்று ஓமத் தண்ணீர். நான் போனபோது வலிப்பு வந்து ஓய்ந்து, கடைவாயில் ரத்தத்தோடு கிடந்தாள். ஜன்னி கண்டுவிட்டது என்று பாட்டி அழுதுகொண்டிருந்தார். பிரஷர் 180/120. 108-இல் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி மருந்து ஆம்பூல்கள் பத்தை நான் உடைத்துக் கொடுக்க, பணியிலிருந்த செவிலியர் இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம் போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிழைத்தாள். அவளை வீட்டுக்கு அனுப்பிய மருத்துவமனைச் சீட்டைப் பிறகு பார்த்தேன். குழந்தையின் எடை இருந்தது, அடுத்த தடுப்பூசித் தேதி இருந்தது, தாயின் பிரஷர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அந்த மெக்னீசியம் சல்பேட் விலை உயர்ந்ததும் அல்ல, புதியதும் அல்ல. 33 நாடுகளில் சுமார் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு, வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 2002-லேயே காட்டிவிட்டது. பிரஷர் மாத்திரைகளும் அப்படித்தான். நிஃபெடிபின், லாபெட்டலால், மெத்தில்டோபா மூன்றையும் நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில் ஒப்பிட்டுப் பார்த்து, நம்மைப் போன்ற நாடுகளுக்கு மூன்றுமே ஏற்றவை என்று 2019-இல் சொன்னார்கள். மருந்து இருக்கிறது. அது யாருக்கு வேண்டும் என்று கண்டுபிடிக்கும் வேலைதான் நடக்கவில்லை.

பச்சிளங்குழந்தையைப் பார்க்க 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது திட்டம். நான் பார்த்தவரை குழந்தையை எடை போடுவார்கள், தொப்புளைப் பார்ப்பார்கள். தாயின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றுவது அபூர்வம். நானும் அவசரத்தில் விட்டுவிட்ட நாட்கள் உண்டு. அதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது. முதல் இரண்டு வருகையிலாவது அளந்தே ஆக வேண்டும் என்று சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போய்விட்டால் அந்த ஊர்ச் செவிலியருக்கு அவள் பிரஷர் கதை தெரியாது. வீட்டுக்கு அனுப்பும் அன்றே மருத்துவமனையிலிருந்து அவருக்கு ஒரு போன் போக வேண்டும்.

இன்னொன்று. பால் வழியாகப் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிஃபெடிபின், லாபெட்டலால் சாப்பிடுகிற தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம். இதைத் தங்கள் அடுத்த இதழில் ஒரு மருத்துவரைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். கூடவே, பிரசவமான ஆறு வாரத்துக்குள் விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றே பிரஷர் பார்க்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள். பாட்டிமார்களும் படிக்கும்படி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
செய்யாறு.