புதுசு வந்தால் பழசு போயே ஆகணுமா?

அம்மிணிக்கு,

பொருளாதார வளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று பொருளியலாளர் பால் ரோமர் 1990இல் எழுதிய, நீ அனுப்பிய கட்டுரையைப் படித்து முடித்தேன். சமன்பாடுகள் வந்த இடத்தில் தாண்டிப் போனேன், அதை உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

வளர்ச்சிக்கு வேறு விளக்கம் சொன்ன அகியோனுக்கும் ஹோவிட்டுக்கும் 2025இல் பொருளியல் நோபல் கிடைத்துவிட்டது, இனி ரோமரை யார் சீண்டுவார்கள் என்று கேட்டிருந்தாய். புதுசு வந்து பழசை அடித்து விரட்டுவதுதான் வளர்ச்சி என்பது அவர்கள் கட்சி. ரோமர் கணக்கில் பழசு சாவதில்லை. புது வகைக் கருவிகள் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

நம் லேத் பட்டறையைப் பார். ஒரு காலத்தில் ஒரே ஹெச்.எஸ்.எஸ். பிட்டை, அதாவது ஹைஸ்பீட் ஸ்டீல் வெட்டுளியை, கிரைண்டரில் தீட்டித் தீட்டி, கடைவது (டர்னிங்), மரை போடுவது, வெட்டிப் பிரிப்பது (பார்ட்டிங்) எல்லாம் ஓட்டினோம். இப்போது வேலைக்கு ஒரு இன்சர்ட், அதாவது மாற்றி மாற்றி மாட்டும் வெட்டுமுனை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கென்று தனி இன்சர்ட் கைக்கு வந்த பிறகுதான் வால்வு ஸ்பிண்டில் ஆர்டர் எடுக்கவே துணிந்தேன். அதே பணத்தைப் பல வகைக் கருவிகளில் பிரித்துப் போட்டால் உற்பத்தி கூடுகிறது என்கிறாரே ரோமர், அது இதுதானே? ஆனால் தனி வடிவம் வெட்டும் ஃபார்ம் டூல் தீட்ட இன்றைக்கும் அந்தப் பழைய பிட்தான்.

1991க்குப் பிறகு இறக்குமதி வரி இறங்கியதை வைத்து கோல்ட்பெர்க், கண்டேல்வால், பாவ்ச்னிக், டோபலோவா என்ற பொருளியலாளர்கள் நால்வரும் 2010இல் எழுதியதை அவசியம் படி. இந்திய நிறுவனங்கள் புதிதாகச் செய்யத் தொடங்கிய பொருட்களில் சுமார் 31 சதவீதத்துக்கு, மூலப்பொருள், உதிரிபாகங்கள் மீதான வரி குறைந்ததே காரணம் என்கிறார்கள். முன்பு வராத வகைகள் வந்து இறங்கியதுதான் அதில் முக்கியம். அவர்களே இன்னொரு கட்டுரையில், இந்திய நிறுவனங்கள் பொருட்களைச் சேர்த்துக்கொண்டே போயின, கைவிட்டது அபூர்வம் என்றும் காட்டியிருக்கிறார்கள்.

எனவே நம் நாட்டுக்கு ரோமர்தான் பொருந்துகிறார் என்பேன். ஆனால் பழைய பொருளைக் கைவிடாமல் இருப்பது பலமா, மூட நினைத்தாலும் மூட முடியாத சங்கடமா? உன் ஆய்வுக் கேள்வியே அங்கேதான் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் கூடினால் வளர்ச்சியும் வேகமெடுக்கும் என்பது ரோமர் கணக்கு; அவர்கள் இத்தனை பெருகியும் அமெரிக்க வளர்ச்சி வேகமெடுக்கவில்லையே என்று 1995இல் பொருளியலாளர் ஜோன்ஸ் கேட்டதற்கும் பதில் வைத்துக்கொள், வைவாவில் விடமாட்டார்கள்.

அந்த நால்வர் எடுத்ததெல்லாம் பெரிய, நடுத்தர நிறுவனங்களின் கணக்கு. சின்னப் பட்டறைகள் எதைச் சேர்த்தன, எதை விட்டன என்று பார்க்க வேண்டுமானால் என் பழைய பில் புத்தகங்கள் பரணில் கிடக்கின்றன. பொங்கலுக்குள் பழைய பேப்பர்காரனுக்குப் போடப் போவதாக அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேணுமா வேண்டாமா என்று சீக்கிரம் சொல்லு கண்ணு.

அப்பா