நோய் ஒரு சாக்கல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்கக் குடியேற்றத் தடுப்புக்காவல் மையங்களிலிருந்து விடுதலை கேட்டு மனுச் செய்தவர்களைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்த வாசகர் ஒருவர், ‘சட்டத்தை மீறியவர்களுக்கு நோய் ஒரு சாக்கா?’ என்று கேட்டிருந்தார். அந்நாட்டுச் சட்டப்படி இந்தத் தடுப்புக்காவல் குற்றத்துக்கான தண்டனை அன்று. குடியேற்ற வழக்கு முடியும்வரை ஆளை வைத்திருக்கும் சிவில் காவல். வெளியே விட்டாலும் வழக்கு நிற்பதில்லை. பிணைத்தொகை கட்டியோ, கணுக்காலில் கண்காணிப்புக் கருவியை மாட்டிக்கொண்டோ அவர் வாய்தாவுக்கு வந்தாக வேண்டும்.

2020 ஏப்ரலில், அத்தகைய மையம் ஒன்றில் இருந்த, நீரிழிவுள்ள ஒரு தமிழருக்காகத் தொலைபேசியில் மொழிபெயர்த்தேன். கட்டிலில் படுத்தபடி கையை நீட்டினால் பக்கத்துக் கட்டில்காரரின் தோளில் படும் என்றார். பேசி முடித்த ரிசீவரைச் சட்டை நுனியால் துடைத்துத்தான் அடுத்தவரிடம் கொடுப்பதாகவும் சொன்னார். ஆறடி இடைவெளி விடச் சொல்லும் அறிவிப்பை வழக்கறிஞர் அப்போது வாசித்துக் காட்டினார். அதை அவருக்குத் தமிழில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவருடைய அச்சம் வீணானதல்ல. சான் டியாகோவின் ஓட்டே மேசா மையத்தில் இருந்த ஒரு நீரிழிவு நோயாளி மே 6 அன்று இறந்தார்; குடியேற்றக் காவலில் கொரோனாவால் நேர்ந்த முதல் மரணம் அது. வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் மையத்திலோ, ஜூனில் ஃபுளோரிடாவிலிருந்தும் அரிசோனாவிலிருந்தும் 74 பேரைக் கொண்டுவந்து சேர்த்த சில வாரங்களில் 250க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. நோய் தானாக மதில் ஏறிக் குதிக்கவில்லை, ஐயா.

55 வயதைக் கடந்தோர், கர்ப்பிணிகள், நீரிழிவு, இதயநோய் போன்ற நாட்பட்ட நோயுள்ளோர் ஆகியோரை அடையாளம் கண்டு, அவர்களைக் காவலில் வைத்திருப்பது அவசியந்தானா என்று மறுஆய்வு செய்யும்படி கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2020 ஏப்ரல் 20 அன்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. 2021 அக்டோபரில் மேல்முறையீட்டில் அது ரத்தானது. நான் இதை எழுதுவதே அதற்காகத்தான். நீதிபதிக்கு நீதிபதி மாறும் உத்தரவாக இல்லாமல், தொற்று பரவத் தொடங்கும்போதே தானாக நடைமுறைக்கு வரும் சட்டவிதியாக அந்த மறுஆய்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த தொற்றிலும் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆட்கொணர்வு மனு போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் மொழிபெயர்த்துக் கொடுத்தவரின் மனு ஆறு வாரம் கிடந்தது. அதற்குள் அவருடைய கட்டில் வரிசையில் நான்கு பேருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி