மீட்டரைக் கழற்றவிடாமல் தடுத்தவருக்கு

கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஷ்போர்டு மீட்டர் முள்ளெல்லாம் படுத்துவிட்டது. பேட்டரி, ஏபிஎஸ் (பிரேக்), ஏர்பேக் எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிந்தன. மீட்டரையே மாற்ற வேண்டியதுதான் என்று முடிவுகட்டி ஓரமாக நின்றிருந்தேன். “இத்தனையும் ஒரே நேரத்தில கெடாது சார், கரன்ட்தான் குறையுது” என்றபடி வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தீர்கள். எஞ்சின் ஓடும்போதும் 11.6 வோல்ட். 14 பக்கம் இருக்க வேண்டுமாம். பார்த்தால், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் தளர்ந்திருந்தது!

சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டு, மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு என்றீர்கள். ஆயில் விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுகிறது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது அழுத்தமாம், எரிந்தால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டுமாம். சரி, இப்போதாவது தெரிந்ததே.

பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். ரொம்ப நன்றி அண்ணா.