இரண்டு சாக்ஸ் போட்டால் குளிர் கூடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுவோருக்கு யோசனை சொல்பவர்கள், "ஒன்றுக்கு இரண்டாக சாக்ஸ் போடுங்கள்" என்பதைத் தவறாமல் சொல்லிவிடுகிறார்கள். காலுக்குக் கச்சிதமான ஷூவில் இப்படிச் செய்தால் பலன் நேர்மாறாகிவிடும். பாதம் நெருக்குண்டு, விரல்நுனிக்கு ரத்தம் சரியாகப் போகாது. சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றுக்கும் உள்ளே இடமிருக்காது. நடக்கும்போதாவது பாதம் மடங்கி நிமிரும். பெடல் மிதிக்கையில் அதுவும் இல்லை. எதிர்காற்று வேறு நேராக விரல்களில்தான் மோதுகிறது.

ஆகவே குளிர்கால ஷூவை, அப்போது போடும் சாக்ஸுடனேயே போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். பெரும்பாலும் அரை சைஸ் பெரிதாகத் தேவைப்படும். உள்ளே எல்லா விரல்களையும் தாராளமாக அசைக்க முடிகிறதா என்பதே சோதனை. கம்பளி சாக்ஸ் ஒன்று போதும். பருத்தி வேண்டவே வேண்டாம்; வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது.

அந்த ஈரம் வரும் வழிகளைத்தான் பலர் கவனிப்பதில்லை. மழையைவிட, முன்சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீரே பாதத்தை அதிகம் நனைக்கிறது. மட்கார்டு இருந்தும் கால் நனைந்தால் அதன் நீளம் போதவில்லை என்று பொருள். பழைய பிளாஸ்டிக் கேனிலிருந்து மட்கார்டைவிடச் சற்று அகலமான துண்டை வெட்டி, மட்கார்டின் கீழ்முனையில் இரண்டு துளையிட்டு போல்ட் போட்டு முடுக்குங்கள். தரைக்கு மேல் 5 முதல் 8 செ.மீ. வரை அது தொங்க வேண்டும். செலவில்லாத இந்த வேலை, விலை உயர்ந்த ஷூவைவிட அதிகம் உதவும்.

ஷூவின்மேல் நியோபிரீன் என்ற ரப்பர் வகை உறை போடுபவர்கள் பேன்ட் நுனியை உறைக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் காலில் வழியும் நீரெல்லாம் ஷூவுக்குள் இறங்கிவிடும். இறங்கிய நீர் வெளியேறவும் வழியில்லை. பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் என்ற கட்டையை அடியில் பொருத்தும் ஷூவாக இருந்தால், உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை, அதாவது இன்சோலைத் தூக்கிப் பாருங்கள். அடியில் தெரியும் துளைகள் வழியே நீரும் காற்றும் ஏறும். அவற்றை உட்புறமிருந்து டேப்பால் ஒட்டி அடைக்கலாம்.

காற்றுப் பட்டால் சூடேறும் இரும்புத்தூள் கலந்த சூட்டுப் பொட்டலம் வாங்குவதானால் காலுக்கென்றே செய்ததை வாங்குங்கள். கைக்கானது ஷூவுக்குள் போதிய காற்றின்றிச் சூடு தராமல் போகும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் எந்தப் பொட்டலத்தையும் வைக்கக் கூடாது. சுட்டுப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது.

நனைந்த ஷூவை ஹீட்டர் பக்கம் வைத்தால் பசை விடும், தோல் வெடிக்கும். இன்சோலை வெளியே எடுத்துவிட்டு, கசக்கிய செய்தித்தாளை நுனிவரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் ஊறிவிடும். அதை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை வைத்தால்தான் காலைக்குள் காயும்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் வாசகர்