நாகர்கோவிலில் மனை வாங்க வருபவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை வாடகை கட்டுப்படியாகாமல் குடும்பத்தோடு நாகர்கோவிலுக்குக் குடிவருபவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். வரட்டும், சந்தோஷம்தான். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வடசேரி சந்தையில் மட்டிப்பழம் கிடைக்கும், இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். ஆனால் மனை வாங்க மட்டும் அவசரப்படாதீர்கள். வயலில் செம்மண் அடித்து, கல் நட்டு, கலர் கொடி கட்டி விற்கிறார்கள். சித்திரை வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஐப்பசி மழையில் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், என் அண்ணன் வீட்டில் அப்படித்தான் நின்றது. வில்லங்கச் சான்றிதழ் மட்டும் போதாது, கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகை எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டில் அந்த இடம் நன்செய்யா, அதாவது நீர் பாயும் வயலா என்றும் பாருங்கள். அனுமதி தருகிற அதிகாரிகளும் பக்கத்துக் குளத்தையும் வாய்க்காலையும் நேரில் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.

ஒரு வாசகர்,
நாகர்கோவில்