லட்சுமணசாமி முதலியாரின் அறிக்கைகள் தமிழில் வரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துணைவேந்தர் நியமனம் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும் கடிதங்களையும் படித்து வருகிறேன். நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியே அவற்றில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. நியமிக்கப்பட்டவர் என்னென்ன செய்ய முடியும் என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே பதில் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். ஒரே மனிதர் ஒரே நாற்காலியில் இத்தனை காலம் அமர்வது இன்று பரிந்துரைக்கத்தக்க ஏற்பாடு அன்று. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் பதவிக்கு வந்தபோதே மகப்பேறு மருத்துவத்தில் பெயர் பெற்றவராகவும், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராகப் பணியாற்றியவராகவும் இருந்தார். பதவியால் பெருமை தேடிக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இல்லை. 'முதலியார் – மேனன்' என்று மருத்துவ மாணவர்கள் சுருக்கமாகச் சொல்லும் மகப்பேறியல் பாடநூல், திருத்திய பதிப்புகளாக இன்னமும் புழக்கத்தில் இருக்கிறது.

வள்ளல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1944இல் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி உருவானது இவர் காலத்தில்தான். 1947இல் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் பேச, கேட்டுக்கொண்டிருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார்; அடுத்த மாதமே, ஆகஸ்ட்டில், வகுப்புகள் தொடங்கிவிட்டன. கொடுத்தவரின் பெருந்தன்மையைப் பேசுகிற நாம், கேட்டவரின் சொல்லுக்கு அன்று இருந்த மதிப்பை மறந்துவிடுகிறோம். இன்று ஒரு கல்லூரியின் இணைப்பு அனுமதிக்கான கோப்பு நகரும் வேகத்தை அறிந்தவர்களுக்கு இது கதை போலத் தோன்றலாம்.

பல்கலைக்கழக வளாகத்திற்கு வெளியே அவர் ஆற்றிய பணியும் குறைந்ததன்று. உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கும், பின்னர் யுனெஸ்கோவின் நிர்வாகக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1952–53இல் அவர் தலைமையில் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழு, உயர்நிலைப் பள்ளி முடியும் வரை தாய்மொழியோ வட்டார மொழியோ பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்றது. இறுதித் தேர்வு ஒன்றை மட்டுமே வைத்து மாணவனை எடைபோடாமல், பள்ளியில் நடந்த தேர்வுகளுக்கும் பதிவேடுகளுக்கும் மதிப்பளிக்க வேண்டும் என்றும் சொன்னது. அது பரிந்துரைத்த, ஏட்டுப் பாடங்களோடு தொழிற்பாடங்களையும் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகள், தகுந்த ஆசிரியர்களும் கருவிகளும் இல்லாமல் பெரும்பாலும் தோற்றுப்போயின. குறை திட்டத்தில் பாதி, நிறைவேற்றியவர்களிடம் பாதி என்பது என் கருத்து. அவர் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழுவோ, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பில் 40,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், புதியவற்றைத் திறப்பதற்கு முன் இருப்பவற்றை வலுப்படுத்த வேண்டும் என்றும் கூறியது. புதிய கட்டடத்தைத் திறந்து வைப்பதில் இருக்கும் ஆர்வம் பழைய நிலையத்திற்கு மருத்துவரை அனுப்புவதில் இல்லாத இந்நாளில், அந்த வரிகளை யாராவது எடுத்துப் படித்தால் நல்லது.

தரமணியில் உள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர்ப்பலகையோடு நின்றுவிடாமல், இந்த இரு குழுக்களின் அறிக்கைகளையும், அவருடைய முக்கியமான பட்டமளிப்பு விழா உரைகளையும், சட்ட மேலவையில் அவர் பேசியவற்றில் கல்வி தொடர்பானவற்றையும் நல்ல தமிழில், மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் சென்னைப் பல்கலைக்கழகம் நூலாக்க வேண்டும். அவற்றை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கவும் வழி செய்ய வேண்டும். இக்கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
சென்னை